பார்த்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள்

வேதாரண்யத்தை ஒட்டிய ஒரு கடைமடை ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், விட்டுவிடுகிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் இவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமனாரின் ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் வாடகைக்குப் போய்வரும் குதிரை அது. கஜா புயலில் கொட்டகையும் தீனித்தொட்டியும் போனதிலிருந்து தீனியெல்லாம் மணல் தரையில்தான்.

மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி குதிரை படுத்துப் புரண்டிருக்கிறது. மாமனார் மூங்கில் குழாயால் விளக்கெண்ணெய் ஊற்றியும் அடங்கவில்லை. வந்த டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, அப்புறம் "வயிற்று நீர் எடுத்துப் பார்க்கணும், சம்மதமா?" என்று கேட்க, இவர் சரி என்றிருக்கிறார். இரண்டு தடவை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை ஊசி வழியாகப் பச்சையாக, நாற்றத்தோடு ஏதோ வந்தது. டாக்டர் உடனே ஊசியை எடுத்துவிட்டு, "குடலுக்குள் போய்விட்டது, பயப்படாதீர்கள்" என்று சொல்லி ஐந்து நாள் தொடர்ந்து வந்து ஊசி போட்டிருக்கிறார். குத்திய இடத்தில் உள்ளங்கை அளவு வீக்கம், ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு குதிரை தீனி எடுக்கிறது, ஆனால் இரண்டு முறை லேசாக வலி வந்து விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைச் சுரண்டியது. இப்போது வேறொரு டாக்டர், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் உதவியோடு மறுபடி நீர் எடுக்கலாம் என்கிறார்.

"நீ தலையாட்டியதால்தான் குடலில் ஓட்டை விழுந்தது" என்று மாமனார் பேச்சையே நிறுத்திவிட்டாராம். நாத்தனார் வீட்டுக்காரரோ டாக்டர் மேல் கேஸ் போட வேண்டும் என்கிறார். இவர் கேட்பது நான்கு. ஓட்டை ஆறிவிட்டதா? ஸ்கேனிலேயே எல்லாம் தெரியும்போது மறுபடி ஊசி எதற்கு, அதுவும் உள்ள நீரை எடுத்தால் குதிரை பலவீனப்படாதா? பங்குனியில் பொலிக்கு விட்டிருந்தோம், சினையா இல்லையா தெரியவில்லை, ஸ்கேன் குட்டியைப் பாதிக்குமா? டாக்டர் மேல் புகார் கொடுக்கலாமா?

அம்மா, முதலில் ஒரு விஷயம். நீங்கள் தலையாட்டியதில் தப்பில்லை. ராத்திரியில் புரளும் குதிரையை வைத்துக்கொண்டு டாக்டர் கேட்கும் சோதனைக்கு வேறு யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வலிக்கும் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அது முறையான சோதனை.

அது என்ன நீர்?

மகோதரம் வந்த மனிதர்களுக்கு வயிற்றிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் இறக்குவார்களே, அதை நினைத்துத்தான் பலவீனப்படுமா என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது அது இல்லை. குடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு நகர, நல்ல ஆரோக்கியமான குதிரையின் வயிற்றுக்குழியிலும் கொஞ்சம் நீர் இருந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் சோதனைக்குப் போதும். குதிரைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அந்த ஒரு டீஸ்பூன் நிறையச் சொல்லும். இளமஞ்சளாக, அதன் வழியே செய்தித்தாளைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நல்லது. குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று சாக ஆரம்பித்தால் நீர் சிவக்கும். லாக்டேட் என்ற அமிலப்பொருள் அந்த நீரில் ஏறும். சாதாரணமாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டியது, அதைத் தாண்டி, ரத்தத்தில் இருப்பதைவிடவும் கூடுதலாக இருந்தால் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுவோம். உள்ளே சீழ் வைத்திருந்தால் வெள்ளையணுக்கள் ஏறும். ஒரு மைக்ரோலிட்டரில் 5,000-க்குள் இருக்க வேண்டியவை அவை. புரதமும் டெசிலிட்டருக்கு 2.5 கிராமைத் தாண்டும்.

இந்தச் சோதனையை இரண்டு வேறு காரியங்களுக்குச் செய்கிறோம், அதை நீங்கள் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி இருந்த கேள்வி, குடல் செத்துக்கொண்டிருக்கிறதா, உடனே ஆபரேஷனுக்குத் தூக்க வேண்டுமா என்பது. இப்போதைய கேள்வி, குத்துப்பட்ட இடத்திலோ வேறெங்கோ உள்ளே சீழோ அழற்சியோ மிச்சம் இருக்கிறதா, வலி ஏன் திரும்பித் திரும்பி வருகிறது என்பது. முதலாவதற்கு நிமிடக் கணக்கு உண்டு. இரண்டாவதற்கு அவசரமில்லை, ஆர அமர ஸ்கேன் பார்த்துவிட்டுச் செய்யலாம்.

பச்சையாக வந்ததே, அந்த ஓட்டை?

ஊசி குடலுக்குள் போனதுதான், அதில் சந்தேகமில்லை. பச்சை நீர் வர இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போடும் முன்பே குடலோ இரைப்பையோ வெடித்து, உள்ளிருந்தது வயிறு முழுக்கப் பரவியிருந்தாலும் இப்படித்தான் வரும். அப்படி இருந்திருந்தால் உங்கள் குதிரை மறுநாளைத் தாண்டியிருக்காது. மூன்று வாரம் கழித்தும் நின்று கொள்ளு தின்கிறது என்பதே, ஊசி முனை குடலைத் தொட்டுவிட்டு வந்தது, அவ்வளவுதான் என்பதற்குச் சான்று. மெல்லிய ஊசிதான், குடலின் தசை சுருங்கி அந்தத் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். வளர்ந்த குதிரைகள் பெரும்பாலும் இதை ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் தாண்டிவிடுகின்றன. ஊசியை வெளியே எடுக்கும் வழியில் அழுக்கு தோலுக்கடியில் ஒட்டிக்கொள்வதால் குத்திய இடத்தில் வீக்கம் வருவதுண்டு, உங்கள் குதிரைக்கு வந்ததும் அதுதான். மாமனாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ஆனாலும் நூற்றுக்கு நூறு கவலையில்லை என்று நான் எழுத மாட்டேன். சில நேரம் உள்ளே அழற்சி தங்கி, குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு முறை வலி திரும்பியதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். தினம் காலையில் காய்ச்சல் பாருங்கள். 101.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலோ, தீனியில் மந்தம் தட்டினாலோ, மெலிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேன் என்ன செய்யும், என்ன செய்யாது

ஸ்கேனிலேயே எல்லாம் தெரியாதா என்கிறீர்கள். தெரியாது. ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது, குதிரையின் குடலிலோ பாதி காற்று. வயிற்றுச் சுவரை ஒட்டி இருப்பது தெரியும், அதற்குப் பின்னால் மறைந்திருப்பது தெரியாது. ஸ்கேனில் கறுப்பாக ஒரு நீர்த்தேக்கம் தெரிந்தால் நீர் இருக்கிறது என்று சொல்லலாம், அது தெளிவான நீரா, ரத்தமா, சீழா என்று உறுதியாகச் சொல்ல எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்கேனும் ஊசியும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. எங்கே குத்துவது, எவ்வளவு ஆழம் குத்துவது, குத்தவே கூடாதா என்பதை ஸ்கேன் சொல்லும்.

வழக்கமாக நாங்கள் ஊசி போடும் இடம், மார்பெலும்பு முடிவதற்குச் சற்றுப் பின்னால், வயிறு தரையை நோக்கி அதிகம் தொங்கும் பகுதியில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம். இடப்பக்கம் மண்ணீரல் இருக்கிறது, அதில் குத்தினால் வெறும் ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்துக் குடல் செத்துவிட்டது என்று தப்பாக முடிவெடுத்துவிடுவோம். இத்தனையும் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் ஒவ்வொரு குதிரையின் உள்பக்கமும் புத்தகப் படத்தைப் போல இருப்பதில்லை.

எனக்கே நடந்தது. வலங்கைமான் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் குதிரை, தவிடும் வெல்லமுமாகத் தின்று உருண்டையாக இருக்கும். மூன்று இடத்தில் குத்தினேன், ஒரு சொட்டு வரவில்லை. நீர் இல்லை போலிருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் மாட்டுக்குச் சினை பார்க்க வைத்திருந்த ஸ்கேன் கருவியை எடுத்துப்போய், ரோமத்தை மழித்து, ஜெல்லுக்குப் பதில் ஸ்பிரிட்டைத் தடவி வைத்துப் பார்த்தால், என் ஊசியின் நீளத்தைவிட அந்தக் குதிரையின் வயிற்றுச் சுவரில் கொழுப்பின் கனம் அதிகம்! மூன்று தடவையும் கொழுப்பைத்தான் குத்தியிருக்கிறேன். நீளமான ஊசி போட்டதும் வந்துவிட்டது. அன்றிலிருந்து, நேரமும் கருவியும் இருந்தால், பார்க்காமல் குத்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர்ப்பக்க டாக்டரிடமும் மாட்டுக்கான அந்தக் கருவி இருக்கலாம், வயிற்றுச் சுவரை ஒட்டிப் பார்க்க அதுவே ஓரளவு உதவும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் குதிரைக்கு ஸ்கேன் இன்னும் முக்கியம், இரண்டு காரணத்தால். ஒன்று மணல். தரையில் தீனி தின்னும் குதிரை ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் மணலையும் சேர்த்து விழுங்குகிறது. அது பெருங்குடலில் போய் அடியில் படியும். கனத்த குடல் கீழே இறங்கி, நாங்கள் ஊசி போடும் அதே இடத்தில் வயிற்றுச் சுவரோடு அழுந்திப் படுத்திருக்கும். அதற்கும் ஊசிக்கும் நடுவே நீர் நிற்க இடமே இல்லை. அன்றைக்கு ராத்திரி நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். வலி திரும்பி வருவதற்கும் ஊசியைவிட மணலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்கேனில் மணல் படிந்த குடல் பளிச்சென்ற வெள்ளைக் கோடாக, அடியில் தட்டையாக, அசையாமல் தெரியும். அதைப் பார்த்த டாக்டர் அந்த இடத்தில் ஊசி வைக்க மாட்டார்.

இரண்டாவது, சினை. பங்குனியில் விட்டது, இப்போது ஐப்பசி, நின்றிருந்தால் ஏழு மாதம். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். வளர்ந்துகொண்டிருக்கும் கருப்பை வயிற்றின் அடியில் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் ஊசி வைப்பது சரியல்ல. உங்கள் கடிதத்தைப் படித்தவரை அன்றைக்கு டாக்டரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரத்தநாட்டில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். மற்றபடி ஸ்கேனால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இதில் இல்லை, வெறும் ஒலி அலை. உங்கள் பிள்ளைகளையும் வயிற்றில் இருக்கும்போது இதே அலையால்தானே பார்த்தீர்கள்.

எப்படிச் செய்வார்கள் என்றால், ரோமத்தை மழித்துக் கழுவி, கருவியை வைத்துக் குடலுக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாகத் தெரியும் நீர்த்தேக்கத்தைத் தேடுவார்கள். சுவரின் கனத்தையும் அளப்பார்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி சுத்தம் செய்து, குதிரை நின்ற நிலை மாறுவதற்குள் ஊசியைச் செலுத்துவார்கள். சிலர் ஊசிமுனையைத் திரையில் பார்த்தபடியே உள்ளே விடுவார்கள். தேக்கம் தெரியாவிட்டாலும் சில நேரம் நீர் வரும், தெரிந்தும் சில நேரம் வராது. வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஊசிக்குப் பதிலாக முனை மழுங்கிய குழாயை, அதாவது மாட்டின் மடிக்காம்பில் விடும் குழாயைப் போன்றதை, மரத்துப்போக மருந்து போட்டுச் சின்னதாகக் கீறி உள்ளே விடுவதும் உண்டு. அது குடலைக் குத்தும் வாய்ப்பு குறைவு. இவ்வளவு செய்தாலும் ஆபத்து அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், குறையும், அவ்வளவுதான்.

சரி, மறுபடி நீர் எடுக்கலாமா? என் கருத்து: ஸ்கேனுக்குக் கட்டாயம் போங்கள். நீர் எடுப்பதை அங்கே போய் முடிவு செய்யுங்கள். ஸ்கேனில் மணல் மட்டும் தெரிந்து, காய்ச்சலும் இல்லாமல், குதிரையும் தெம்பாக இருந்தால் நானாக இருந்தால் ஊசியைத் தொட மாட்டேன், மணலுக்கு வைத்தியம் பார்ப்பேன். நீர் கூடுதலாகத் தேங்கியோ, நூல்நூலாக ஏதாவது மிதந்தோ, குடல்சுவர் தடித்தோ தெரிந்தால் எடுப்பதுதான் சரி. அப்படி எடுத்தால், மூன்று வாரம் முன்பு ஊசி குடலுக்குள் போனதையும் தேதியோடு சொல்லிவிடுங்கள். குடலைக் குத்திய பிறகு கொஞ்ச நாளைக்கு வெள்ளையணுக்கள் தானாகவே ஏறியிருக்கும், அதைப் புது நோய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த டாக்டராக இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த நீரில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் சோதனை அவசியமில்லை.

டாக்டர் மேல் புகார்

உரிமை இருக்கிறதா என்றால் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்த சிகிச்சையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். தொழில் ஒழுக்கம் பற்றிய புகார் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். ஆனால் நானாக இருந்தால் போக மாட்டேன், சக டாக்டர் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊசி குடலில் படுவது இந்தச் சோதனையில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அது நடந்தது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. ரோமத்தை மழித்தாரா, கையுறை போட்டாரா, நடந்ததை மறைத்தாரா, அப்புறம் எட்டிப் பார்த்தாரா என்றுதான் கேட்பார்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மழித்தார், கழுவினார், அந்த நிமிடமே வாய்விட்டுச் சொன்னார், ஐந்து நாள் வந்தார். குறை என்று நான் சொல்வதானால், இப்படி நடக்கலாம் என்று குத்தும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சினையா என்றும் கேட்டிருக்க வேண்டும். அதை அவரிடமே நேரில் சொல்லலாம். அன்று கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஒரத்தநாட்டில் அதுதான் முதலில் உதவும்.

கிளம்பும் முன்

இன்றைக்கே ஒரு வேலை. புதிதாகப் போட்ட லத்தியில், தரையைத் தொடாத மேல்பகுதியாக ஐந்தாறு உருண்டை எடுத்து, ஒரு தெளிவான பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் விஷயம் புரிந்துவிடும். படியாவிட்டால் மணல் இல்லை என்று ஆகாது, உள்ளேயே தங்கியிருக்கலாம். முடிவை போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். மணலை வெளியேற்ற இசப்கோலும் எப்சம் உப்பும் சேர்த்து மூக்குக் குழாய் வழியாகச் சில நாள் கொடுப்பார்கள். அளவு எடையைப் பொறுத்தது, நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இனிமேல் அந்த மூங்கில் குழாய் வேண்டவே வேண்டாம். மாட்டுக்குப் பழகிய கை, குதிரைக்கும் அப்படியே செய்கிறது. வலியில் இருக்கும் குதிரையின் தலையைத் தூக்கி எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், வயிற்றுவலியில் பிழைத்த குதிரை எண்ணெயில் போய்விடும். குதிரைக்கு வாந்தியும் எடுக்க முடியாது, அதனால்தான் டாக்டர் முதல் வேலையாக மூக்கில் குழாய் விட்டார், இரைப்பையில் தேங்கியிருந்தால் அதை வெளியேற்ற. மாமனார் மனம் நோகாமல் இதைச் சொல்லும் வழி உங்களுக்குத்தான் தெரியும்.

தீனித்தொட்டியை உடனே கட்டுங்கள். சிமெண்ட் முடியாவிட்டால் பழைய ரப்பர் பாய் விரித்து அதன் மேல் ஒரு அகலமான தொட்டி, வைக்கோலுக்கு வலைப்பை, அது போதும். மறுபடி வலி வந்தால், முன்னங்கால் பக்கம் இடது முழங்கைக்குப் பின்னால் காதை வைத்து இதயத்துடிப்பை எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை சரி. 60-க்கு மேல் போனால் 1962-க்குப் போன் செய்யுங்கள், உங்கள் டாக்டரையும் கூப்பிடுங்கள். வலி ஊசியை நீங்களே வாங்கித் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், வலி மறைந்துவிடும், குடல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்கூட்டியே கல்லூரிக்குப் போன் செய்து குதிரை ஸ்கேன் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு, வெயிலுக்கு முன் கிளம்புங்கள். வண்டித் தரையில் மணல் கொட்டாதீர்கள், வைக்கோல் விரியுங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயிற்றுக்கடியில் கருவி வைக்கும்போது குதிரை பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். மயக்க ஊசி போட்டாலும், தலைப்பக்கம் தெரிந்த குரல் ஒன்று இருந்தால் அது நிற்கும், அவர் குரலைவிடப் பழகிய குரல் அதற்கு வேறு கிடையாது.